நச்சு வெளியேறுகிறது

ஜூன் 3, செவ்வாய்

ஈரோட்டு வயிற்று டாக்டரம்மா இன்று என் வியாதிக்குப் பெயர் சொன்னார். ஐபிஎஸ். போலீஸ் அதிகாரிகளுக்குத்தான் அப்படிப் போடுவார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை. ஆனாலும் அது எரிச்சலில் இருக்கிறதாம்.

"ஏதோ ஒண்ணு உங்க குடலுக்கு ஆகலம்மா. அது என்னன்னு நான் இங்க உக்காந்துட்டு சொல்ல முடியாது. வாயில போறத எல்லாம் எழுதுங்க. வயிறு என்ன பண்ணுச்சுன்னும் எழுதுங்க. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்போம்" என்றார்.

ரேஷன் கடையில் நாளெல்லாம் எழுதுகிறவளுக்கு வீட்டிலும் எழுத்து.

காலை இட்லி, தேங்காய்ச் சட்னி, பால் டீ. மதியம் அரிசிம்பருப்புச் சோறு, தயிர். சாயந்திரம் டீ, வர்க்கி. ராத்திரி கோதுமைத் தோசை, வெங்காயச் சட்னி.

வயிறு: கடையில் இருக்கும்போதே மூன்று முறை ஓட வேண்டியிருந்தது. கடையில் கக்கூஸ் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிர்வீட்டுத் தெய்வானையக்கா வீட்டுக்கு ஓடுவேன். அக்கா தனியாள். வீட்டுக்காரர் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "ஓடு அம்மிணி, கதவு தெறந்துதான் கெடக்குது" என்பார். திரும்பி வந்தால் வரிசையில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு இன்னொரு முறை வயிற்றைக் கலக்கும்.

நான் எழுதுவதை என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மாவு குடிச்சத எழுதீட்டயா?"

"இன்னும் இல்லீங்க."

"எழுதாத. அது சாப்பாடு இல்ல, சத்து. டாக்டருங்களுக்கு அதக் கண்டாலே ஆகாது."

சரிதான் என்று பட்டது. விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

நான்கு முறை. ஒரு முறை அக்கா வீட்டுப் படியேறும்போதே. புடவை மாற்ற வீட்டுக்கு வந்து போனேன்.

ஜூன் 9, திங்கள்

பாலை நிறுத்தி ஐந்து நாள். வரக்காப்பி குடிக்கிறேன். தயிரும் இல்லை, மோரும் இல்லை. வயிற்றில் ஒரு மாற்றமும் இல்லை. காலையில் ஏழரைக்கு ஆரம்பிக்கிற இரைச்சல், உள்ளே யாரோ அண்டாவை உருட்டுகிற மாதிரி, மதியம் வரை நிற்பதில்லை.

இன்று பாமாயில் வந்ததால் கூட்டம். வரிசையில் நின்ற ஒரு பெண், "ஏனுங்கக்கா, எப்பிடீங்க இப்பிடி எளச்சீங்க? முன்ன எவ்ளோ பெருசா இருந்தீங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "வீட்டுக்கு வாங்க, அவரு சொல்லுவாரு" என்றேன். இப்படிச் சொல்லச் சொல்லித்தான் இவர் பழக்கியிருக்கிறார். இளைத்த உடம்பைப் பார்த்து நாலு பேர் கேட்கும்போது எனக்கும் ஒன்றும் கசக்கவில்லை என்பதை டாக்டரம்மாவுக்கு எழுத வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில்தான் இவருடைய ஆரோக்கிய மையம். விடிந்ததும் ஆட்கள் வருவார்கள். டப்பாவில் வரும் பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் கொடுப்பார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள். யாருக்காவது எடை குறைந்திருந்தால் கை தட்டுவார்கள். பொடிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் மாவு என்றுதான் சொல்வோம். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் அதுதான் என்பது விதி. மூட்டை தள்ளுகிறவளுக்கு அது போதாது, நான் இட்லியும் சாப்பிடுவேன்.

தெய்வானையக்காவும் மையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி, எடை குறைந்தால் தேவலை என்கிறார். நான் கூப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

கோதுமை நிறுத்தியாயிற்று. இன்று முதல் வெங்காயம், பூண்டு, பருப்பு, கொள்ளு எதுவும் கிடையாது. பெருங்காயத்திலும் மைதா கலக்கிறார்களாம், அதுவும் வேண்டாம் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். இவ்வளவும் போன பிறகு குழம்பு என்று எதைச் சொல்வது? மிளகும் புளியும் கரைத்த தண்ணீர்.

"சின்ன வெங்காயம் இல்லாம ஒரு கொழம்பா? இது யாரு ஊட்டுச் சோறு?" என்றார் இவர். இவருக்குத் தனியாகத் தாளித்தேன். அந்த வாசனையில் நின்றுகொண்டு என் சோற்றைச் சாப்பிட்டேன்.

கடையை அடிக்கடி சாத்துகிறேன் என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து அழைப்பு. போய் நின்றேன். அதிகாரி சின்ன வயசுக்காரர். "என்ன பிரச்சினைம்மா?" என்றார். "வயிறு சரியில்லீங்க சார்." "எல்லாருக்குந்தான் வயிறு சரியில்ல" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொரு மனு வந்தால் கடையை மாற்றிவிடுவார்களாம். மலையடிவாரத்துக் கடைக்கு. அங்கே எதிர்வீடும் கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

வெறும் சோறும் மிளகுத் தண்ணியும். ஐந்து முறை.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டு முகப்பில் புது ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார். இரண்டு படம், இரண்டும் நான். ஒன்று கொழுந்தன் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுப்புடவையில், நெல் கொட்டி வைக்கிற தொம்பை மாதிரி நிற்கிறேன். இன்னொன்று போன வாரம் போனில் எடுத்தது. 'அப்போது', 'இப்போது'. கீழே 'பதினைந்து கிலோ! பக்கவிளைவு இல்லை!' என்று சிவப்பு எழுத்து.

"என்னயக் கேக்காம எதுக்குங்க போட்டீங்க?"

"உன்னய விட நல்ல சாட்சி எனக்கு யாரு இருக்கறா, கலா?"

அந்த 'இப்போது' படம் எடுத்த அன்று நான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். எழுந்து பவுடர் போட்டு நிற்க வைத்தார்.

ஆனாலும் இவரைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. நாலு விசைத்தறியையும் இரும்புக் கடைக்குப் போட்ட பிறகு, ஒரு வருடம் இவர் கட்டிலை விட்டு எழவில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். ஒரு நாள் அடுக்களையில் வந்து நின்று, "நா செத்தா உனக்கு வேல மிச்சமில்ல?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்படிப்பட்டவரைக் காலையில் எழுப்பி, சட்டை மாட்டிவிட்டு, நாலு பேர் 'கோச் சார்' என்று கூப்பிட வைத்தது இந்த மாவுதான். ஒன்றரை வருடமாக வீட்டில் ஒரு ஆம்பளையின் குரல் கேட்கிறது.

என் வயிறு மோசமானதும் ஏறக்குறைய அதே ஒன்றரை வருடம்தான். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

தாராபுரத்தில் தங்கச்சி மகளுக்குச் சீர். புதன்கிழமையே வந்துவிட்டேன். இவர் மையத்தை விட்டுவிட்டு வர முடியாது.

சீர் வீட்டில் வெங்காயம் வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஒப்புட்டு, பால் பாயசம், கத்திரிக்காய்க் குழம்பு. செத்தாலும் சாவோம் என்றுதான் சாப்பிட்டேன். கொஞ்சம் உப்பினதோடு சரி. ஓட்டம் இல்லை. மூன்று நாளாக, காலையில் ஒரு முறை, மனுஷி மாதிரி.

இந்த ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.

ஜூலை 8, செவ்வாய்

ஊர் திரும்பினேன். காலையில் இவர் கையாலேயே கலக்கிக் கொடுத்தார், பிஸ்தா வாசம் போட்டது. கடை திறந்து கைரேகை மிஷினைப் போடுவதற்குள் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அப்புறம் மறுபடி. அப்புறம் மறுபடி.

தண்ணீர்தான் காரணமாக இருக்கும்.

ஜூலை 10, வியாழன்

இந்த நோட்டிலிருந்து சாப்பாட்டையும் வயிற்றையும் மட்டும் தனியாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மா அதை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தாராபுரம் வந்ததும் நிறுத்தினார்.

"வெங்காயம், பால், பருப்பு எல்லாம் அங்க சாப்பிட்டிருக்கீங்க. ஒண்ணும் ஆகல. இங்க ஒண்ணுமே சாப்பிடல, அஞ்சு தடவ போயிருக்கு. இங்க இருந்து அங்க இல்லாதது என்னம்மா?"

"தண்ணிங்க."

"தண்ணி இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மருந்து, மாத்திரை, லேகியம், பொடி... ஏதாவது?"

நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. தாராபுரத்தில் இரண்டாம் நாள் காலையிலேயே எனக்குத் தெரியும்.

"ஒரு மாவு குடிக்கிறேனுங்க."

டப்பாவின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். எதற்காக எடுத்து வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தார். பால் புரதம், சிக்கரி வேரிலிருந்து எடுத்த நார், சர்க்கரைக்குப் பதில் வேறொரு இனிப்பு. "இதுல மூணு இருக்கு உங்க குடலுக்கு ஆகாதது. தினமும் வெறும் வயித்துல. மத்தவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாமக்கூடப் போகலாம். உங்களுக்கு விஷம் மாதிரிதான். இத ஏம்மா எழுதல?"

"சாப்பாடுன்னு நெனைக்கலீங்க."

ஜூலை 11, வெள்ளி

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் கத்தினார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடம் எழாமல் கிடந்தாரே, அதே கட்டில்.

"இருவத்தெட்டுப் பேரு வர்றாங்க. உன்ற படத்தப் பாத்துத்தான் வர்றாங்க. என்னய என்ன பண்ணச் சொல்ற? மறுபடி படுத்துக்கட்டுமா?"

"நா குடிக்கலீங்க. அவ்வளவுதான். யாருகிட்டயும் சொல்லல."

கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார். காலையில் எல்லோரோடும் உட்கார வேண்டும். மாவு கலக்கும் என் குலுக்கியில் மட்டும் கஞ்சித் தண்ணீர் இருக்கும். வெளியே தெரியாது.

சரி என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

வயிறு அமைதி. கஞ்சித் தண்ணீரைக் குடித்து, "நெம்ப நல்லாருக்குது" என்று சொன்னேன். தெய்வானையக்காவுக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஈரோட்டில் கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். எல்லா மையத்து ஆட்களும் வந்திருந்தார்கள். இவருக்கு மேலே இருக்கும் ரகுநந்தன் சார், கோயமுத்தூர்க்காரர், வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். என்னை மேடையேற்றினார்கள். மூன்று வரிதான் பேச வேண்டும். பேருந்தில் வரும்போது இவர் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

மேலேறி நின்றதும் மூன்றாவது வரிசையில் தெய்வானையக்கா தெரிந்தார். புதுப்புடவை, நெஞ்சில் மையத்தின் வில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், பள்ளிக்கூட விழாவில் பிள்ளையைப் பார்க்கும் தாய் மாதிரி. மூன்று வரியும் மறந்து போயிற்று.

"எளச்சது நெசந்தானுங்க," என்றேன். "ஆனா ஒடம்பு நல்லாகி எளைக்கலீங்க. வயித்தால போயிப் போயி எளச்சேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ, ஆறு தடவ. வேல பாக்க முடியல. புடவையோடயே போயிருக்கறனுங்க. இந்த மாவு என்ற வயித்துக்கு ஆகலீங்க."

முன்வரிசையில் இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரகுநந்தன் சார் எழுந்து வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். கோபமே இல்லை. சிரித்தார்.

"கேட்டீங்களா? எத்தன பேருக்கு இந்தத் தைரியம் வரும்? ஒளிவு மறைவில்லாமச் சொன்னாங்க பாருங்க! நாப்பது வருஷமா ஒடம்புல சேந்த நச்சு. அது எந்த வழியாங்க வெளிய போகும்? காது வழியாவா போகும்?"

சிரிப்பு. பின்னாலிருந்து விசில்.

"வயித்தால போகுதுன்னு யாரும் பயப்படாதீங்க. நச்சு வெளியேறுது! என்ன பண்ணுது?"

"நச்சு வெளியேறுது!" மண்டபமே சொன்னது.

"இல்லீங்க, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா..." என்றேன். மைக் இல்லாமல் அது என் காதுக்கே கேட்கவில்லை. பொன்னாடை போர்த்திவிட்டார்கள். பாட்டுப் போட்டார்கள்.

பேருந்தை விட்டுச் சித்தோட்டில் இறங்கும்போது இவர், "பதினோரு பேரு புதுசா சேந்திருக்கறாங்க" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று அவசரத்துக்காகப் போகவில்லை. சும்மாதான் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசிலிருந்து வெளியே வந்தார்.

"நீ மேடைல சொன்ன பொறகுதான் அம்மிணி எனக்கு உசுரே வந்துச்சு. எனக்கும் அப்பிடித்தான் போகுது. நா வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டுக் கெடந்தேன்."

"எப்பிடிப் போகுதுங்க்கா?"

"ரத்தமாட்டப் போகுது. சித்தரையிலயே லேசாப் பட்டுச்சு. மூலம்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் இருந்தேன். அப்பறம் மாவு குடிச்சு எடையும் எறங்குச்சா, சரி, இது நச்சுத்தான்னு விட்டுட்டேன்."

"அக்கா, அது நச்சு இல்லீங்க்கா. என்னுதுல ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லீங்க. டாக்டர்கிட்டப் போலாம் வாங்க."

"வெளிய போறப்ப நிறுத்தப்படாதுன்னு சாரு சொன்னாருல்ல? நீ பதினஞ்சு கிலோ எறக்குன. நா ஆறுதான எறக்கியிருக்கறேன்."

ஜூலை 23, புதன்

அக்காவிடம் நீங்களாவது சொல்லுங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். ரத்தம் என்றதும் முகம் மாறியது. "மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். சாயந்திரம் பதில் வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்களாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அக்காவைத் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், தினமும் மறுத்தார். இன்று வாசலில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. ஷட்டரை முழுசாக இறக்கிப் பூட்டினேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். மனு போடுங்கள் என்று சொல்லிவிட்டு அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்காவின் குடலில் கட்டி. நல்ல கட்டி இல்லை. எடை குறைந்ததும் அதனால்தான்.

"மாவுனால வந்ததுங்களா?" என்று கேட்டேன்.

"மாவுனால வரல. அது ரொம்ப நாளா இருந்திருக்கு. ஆனா ரத்தம் பாத்த அன்னிக்கே வந்திருந்தா இவ்வளவு பரவியிருக்காது" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "மாவுனால வரலைன்னு டாக்டரே சொல்லீட்டாங்கல்ல?" என்றார். ஆமாம், சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவர் தூங்கியும் போனார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் முன்னறை நிறைந்திருந்தது. எனக்குக் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

"இதுல மாவு இல்லீங்க, கஞ்சித் தண்ணி," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஒரு மாசமா இதத்தான் குடிக்கறேன். வெளிய இருக்கற படத்துல எளச்சுக் கெடக்கறது என்ற நோயி. தெய்வானையக்கா எளச்சது அவங்க நோயி. நீங்க கை தட்டுனது அதுக்குத்தான். யாருக்காவது ரத்தம் கித்தம் பட்டா, தயவு பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஒருத்தர் பாதியில் குலுக்கியை வைத்துவிட்டு எழுந்தார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எழவில்லை. எனக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு அம்மா இவருக்கு ஆறுதல் சொன்னார்.

இவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "உனக்கு வயிறு நல்லாயிருச்சு. என்ற வயித்துல அடிச்சுட்ட" என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு அறை பிடித்து மையத்தை அங்கே மாற்றிவிட்டார். ஃபிளெக்ஸையும் கழற்றிக்கொண்டு போனார். அங்கேயே படுத்துக்கொள்கிறார். ஆட்கள் கூடியிருக்கிறார்களாம்.

வீட்டில் சத்தம் இல்லை. இன்று சின்ன வெங்காயம் கொஞ்சமாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்திக்காக வைத்த குழம்பு, நாளைக்கும் மிச்சம்.

செப்டம்பர் 5, வெள்ளி

"என்னங்கக்கா, மறுபடியும் ஊதீட்டீங்க?" என்றாள் வரிசையில் ஒருத்தி. கடையை மாற்றும் உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து மலையடிவாரம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வயிற்றின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் பை மாட்டியிருக்கிறது. இனி எல்லாம் அதில்தான். கல்லீரலிலும் இரண்டு புள்ளி தெரிகிறதாம். மருந்து ஏற்ற வேண்டும். எவ்வளவு நாள் என்று நர்ஸிடம் கேட்டேன். டாக்டரைக் கேளுங்கள் என்றார்.

பையை மாற்ற நானும் உதவினேன். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "உன்னயப் போயி இதப் பண்ண வெச்சுட்டனே" என்றார். அவர் வீட்டில் எத்தனை நாள் நான் அழுக்காக்கிவிட்டு வந்திருக்கிறேன், எத்தனை நாள் அவரே கழுவிவிட்டிருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன்.

இடுப்புவரை துணியை இழுத்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறம் தலையைத் திருப்பினார்.

"உன்ற வயிறு இப்ப எப்பிடி இருக்குது அம்மிணி?"

காலையில் மூன்று இட்லி, வெங்காயச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறியிருந்தேன். வழியில் டீயும் குடித்தேன். ஒரு மாதமாக என் வயிறு எனக்கு நினைவுக்கே வருவதில்லை.

"அப்பிடியேதான் இருக்குதுங்க்கா," என்றேன்.

எலும்பாகிப் போன கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் நீ," என்றார். "எத்தன நாளா நீயும் கெடந்து படற."